கணக்குப் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு?

காப்புறுதி இடரைக் கணிக்கும் அக்சுவரி, நிதிக் கணிதம், சந்தை விலையையும் இடரையும் கணிதத்தால் அளக்கும் குவான்ட் என்று பினாங்குத் தமிழ் வீடுகளில் புதுப் பெயர்கள் அடிபடுகின்றன. பெயரைப் பார்த்துச் சேர்வதா, பாடத்தைப் பார்த்துச் சேர்வதா? ஒரு தேர்வு எத்தனை ஆண்டுக்குப் பின்தொடரும்?

எஸ்டிபிஎம் முடிவு வந்த வாரத்தில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் இந்த மேசையைப் பார்க்கலாம். அப்பா, அம்மா, தாய்மாமன், நடுவில் பிள்ளை. வாழையிலை எடுத்தாகிவிட்டது; தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் கைப்பேசியில் யுபியு விண்ணப்பம் திறந்திருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு 12 தெரிவுகள் வரை கொடுக்கலாம். முதல் மூன்று இடங்களில் யாரையும் கேட்காமலே மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து பொறியியல் வகைகள். ஒன்பதாவது இடத்துக்கு வரும்போதுதான் பிள்ளை வாய் திறக்கிறாள்.

“மாமா, அக்சுவரி சயின்ஸ் போடலாமா? இல்லாட்டி ஃபைனான்ஷியல் மெத்தமெட்டிக்ஸ்?”

மாமா கேட்கும் கேள்வி எல்லா மேசையிலும் ஒன்றுதான். “அது படிச்சிட்டு எங்கம்மா வேலை?”

கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கில் ‘ஏ’ வாங்கிய பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் கைக்கு வந்த படிப்பில் தள்ளிவிட்டு, நான்கு ஆண்டு கழித்து வருந்தும் குடும்பங்களுக்காகவே இந்தக் கட்டுரை.

கிட்டங்கியும் வங்கித் தெருவும்

லிட்டில் இந்தியாவின் பினாங்கு ஸ்திரீட் ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகளின் தெரு. தண்ணீர்மலையில் 1857-ல் கோயில் கட்டிய அதே சமூகம் இங்கே பாய் விரித்து, பெட்டி போட்டு, பேரேடு எழுதியது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாக உயர்வான். வட்டி, நாணய மாற்று, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணிப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றான். சற்றுத் தள்ளி பீச் ஸ்திரீட்டில் 1875-ல் சார்ட்டர்ட் வங்கியும் 1884-ல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் கடை திறந்தன. 1937-ல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் கிளைகளைத் தொடர்ந்து பினாங்குக் கிளையும் வந்தது.

பணத்தைக் கணக்கிடுவது இந்தத் தீவின் தமிழருக்குப் பழைய தொழில் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் வழி மட்டும் இன்று போதாது. வட்டிக் கணக்கு இருந்த இடத்தில் நிகழ்தகவு வந்திருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்தில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: கணக்கு வந்த பாதை
1900 – பாரிஸில் லூயி பஷெலியே, பங்குச்சந்தை விலைகளின் தற்செயல் ஆட்டத்தைக் கணிதமாக எழுதி முனைவர் பட்டம் பெறுகிறார்.
1944 – ஜப்பானின் கியோசி ஈட்டோ, தற்செயலாக ஆடும் அளவுகளுக்கென்று தனி நுண்கணிதம் அமைக்கிறார்.
1973 – ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷன் விலைச் சூத்திரத்தை வெளியிடுகிறார்கள். ராபர்ட் மெர்ட்டன் அதை விரிவாக்குகிறார்.
1980 – கோலாலம்பூரில் கச்சா செம்பனை எண்ணெய்க்கு முன்பேர வணிகம் தொடங்குகிறது.
1995 – கோலாலம்பூர் பங்குக் குறியீட்டுக்கும் முன்பேரம் வருகிறது.
1997 – மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் பொருளியல் நோபல். பிளாக் 1995-லேயே காலமாகிவிட்டார்.

ஒரு டன் செம்பனை எண்ணெய்

இந்தக் கணிதம் என்னதான் செய்கிறது? பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணெயை வைத்தே சொல்லலாம்.

பின்னொரு தேதியில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசிவைப்பது முன்பேரம். புர்சா மலேசியாவில் ஒரு செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் 25 டன். டன் 4,000 ரிங்கிட் என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு ஒரு லட்சம் ரிங்கிட். விலை ஒரு ரிங்கிட் அசைந்தால் 25 ரிங்கிட் லாபமோ நட்டமோ. உலகமே செம்பனை எண்ணெய் விலைக்கு எட்டிப் பார்க்கும் பலகை இதுதான்.

இப்போது ஒருவர் வருகிறார். “மூன்று மாதம் கழித்து ஒரு டன்னை 4,000 ரிங்கிட்டுக்கு வாங்கும் உரிமை மட்டும் எனக்கு வேண்டும். விலை இறங்கினால் வாங்க மாட்டேன். இந்த உரிமைக்கு என்ன விலை?” என்று கேட்கிறார். இதுதான் ஆப்ஷன். கணக்கை எளிதாக்க, மூன்று மாதத்தில் விலை 4,800 ஆகும் அல்லது 3,600 ஆகும், வேறு எதுவும் நடக்காது என்று வைத்துக்கொள்வோம். வட்டியும் கிடங்குச் செலவும் இல்லை.

விலை ஏறினால் உரிமையின் மதிப்பு 800. இறங்கினால் பூஜ்யம். உரிமையை விற்பவர் இன்றே மூன்றில் இரண்டு பங்கு டன் எண்ணெயை வாங்குகிறார். அதற்கு 2,667 ரிங்கிட் ஆகும். அதில் 2,400 ரிங்கிட்டைக் கடனாக எடுக்கிறார். விலை 4,800 ஆனால் கையிலுள்ள எண்ணெய் 3,200 பெறும். கடனை அடைத்தால் மிச்சம் சரியாக 800. விலை 3,600 ஆனால் எண்ணெய் 2,400 பெறும். கடன் போக மிச்சம் ஒன்றுமில்லை. எது நடந்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. ஆகவே உரிமையின் நியாய விலை, அவர் கைப்பணத்திலிருந்து போட்ட 267 ரிங்கிட்.

விலை ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று இந்தக் கணக்கில் யாரும் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏறும் என்று நம்புகிறவருக்கும் இறங்கும் என்று நம்புகிறவருக்கும் விலை ஒன்றுதான். என் பார்வையில் இந்தத் துறையின் அழகு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. உண்மைச் சந்தையில் விலை இரண்டு இடத்துக்கு மட்டும் போகாது. நொடிக்கு நொடி ஆடும். அந்த ஆட்டத்துக்கும் இதே தர்க்கத்தை நீட்டப் போனால் ஈட்டோவின் நுண்கணிதமும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் தேவைப்படும். பிள்ளை எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கான பதில் இந்த ஒரு டன்னுக்குள்ளேயே இருக்கிறது.

பதினாறிலேயே விழும் முடிச்சு

பெற்றோர் பலரும் எஸ்டிபிஎம்முக்குப் பிறகுதான் யோசிக்கிறார்கள். முடிச்சு அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது.

முதலாவது, நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுப்பதா இல்லையா. “கஷ்டமாம், எஸ்பிஎம்மில் ‘ஏ’ எண்ணிக்கை குறைஞ்சிடும்” என்று அந்தப் பாடத்தை விட்ட பிள்ளைக்குக் கணிதப் பட்டத்தின் வாசல் அப்போதே பாதி மூடிவிடுகிறது. இரண்டாவது, ஆறாம் படிவத்தில் கணிதம் டி-யா, கணிதம் எம்-ஆ என்பது. டி அறிவியல் பிரிவுக்கானது. எம் பொருளியல், வணிகப் பிரிவுக்கானது. “நிதித் துறைதானே, எம் போதும்” என்று நினைப்பது இயல்பு. ஆனால் டி-யின் இரண்டாம் பருவம் முழுக்க நுண்கணிதம். எல்லை, வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடு, எண்சார் முறைகள் எல்லாம் அதில் வந்துவிடும். பல்கலைக்கழகக் கணித வகுப்பு இதெல்லாம் தெரிந்தவர்களை மனதில் வைத்துத்தான் முதல் வாரத்திலேயே ஓடத் தொடங்குகிறது. எம் எழுதியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் படிப்புகளும் உண்டு. சேர்ந்த பிறகு முதல் ஆண்டு முழுக்க மூச்சுவாங்க வேண்டியிருக்கும்.

மொழியையும் இங்கே பேசியாக வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை தொடக்கக் கணக்கைத் தமிழில் கற்கிறது. இடைநிலைப்பள்ளியில் அதே கணக்கு மலாய்க்கு மாறுகிறது. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுப் புத்தகங்கள் ஆங்கிலத்தில். 2003-ல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. பிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. இப்போது சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் ஓடுகிறது. இந்த மாற்றங்களுக்கு நடுவே சிக்கிய தலைமுறையில், அறிவு குறைவில்லாமலே பின்தங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆறாம் படிவத்திலேயே ஓர் ஆங்கிலக் கணிதப் புத்தகத்தைத் தினம் இரண்டு பக்கம் படிக்கப் பழகினால் இந்தச் சுமை பாதியாகும். அதற்கு டியூஷன் கட்டணம்கூட வேண்டாம்.

பெயரைப் பார்க்காதீர்கள், பட்டியலைக் கேளுங்கள்

பினாங்குப் பிள்ளைக்குக் கண்ணெதிரே இருப்பது மிண்டனில் யூஎஸ்எம். 1969-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமில் வளர்ந்தது. அதன் கணித அறிவியல் பள்ளி கணிதத்தோடு பயன்பாட்டுப் புள்ளியியல், கணித மாதிரியாக்கம், செயல்பாட்டு ஆய்வு போன்ற பெயர்களிலும் பட்டங்கள் நடத்தி வந்திருக்கிறது. பட்டத்தின் பெயரிலேயே ‘நிதிக் கணிதம்’ வேண்டும் என்றால் மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகம். அக்சுவரி வேண்டும் என்றால் யூகேஎம், யூஐடிஎம். தனியாரில் யூடார், சன்வே, ஹெரியட்-வாட். சிங்கப்பூரில் என்யூஎஸ் கணிதத் துறையே ‘குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ்’ பட்டம் தருகிறது.

பெயர்ப்பலகையை வைத்து முடிவெடுப்பதுதான் ஆபத்து. ‘நிதி’ என்ற சொல் இருக்கும் சில படிப்புகளில் கணக்கியல், நிர்வாகம், சந்தையியல் என்று நிறைய வந்து, நிகழ்தகவு ஒரே பருவத்தோடு முடிந்துவிடும். ‘வெறும் கணிதம்’ என்று மாமா முகம் சுளிக்கும் பட்டத்தில் இந்தத் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் அத்தனையும் இருக்கக்கூடும். ஆகவே பல்கலைக்கழகத் திறந்த நாளுக்குப் போனால் வரவேற்பு மேசையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியல் எங்கே? எவை கட்டாயம், எவை விருப்பம்? விருப்பப் பாடம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறதா, தாளில் மட்டும் இருக்கிறதா?

▪ பெட்டிச் செய்தி: பட்டியலில் தேட வேண்டியவை
முதல் ஆண்டு: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம். பைதானில் தொடங்கலாம், பிறகு சி பிளஸ் பிளஸ்.
இரண்டாம் ஆண்டு: நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், மெய்ப் பகுப்பாய்வு.
மூன்றாம், நான்காம் ஆண்டு: ஸ்டோகாஸ்டிக் செயல்முறைகள், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்சார் முறைகள், காலத்தொடர்ப் பகுப்பாய்வு, உகப்பாக்கம்.
வெளித்துறையிலிருந்து: நுண்பொருளியல் ஒன்று, நிறுவன நிதி ஒன்று, டெரிவேட்டிவ்ஸ் ஒன்று.
அக்சுவரி வழிக்கு: அமெரிக்க அக்சுவரிகள் சங்கத்தின் ‘பி’ (நிகழ்தகவு), ‘எஃப்எம்’ (நிதிக் கணிதம்) தேர்வுகளைப் பட்டம் முடிக்கும் முன்பே எழுதலாம்.

நிதிப் பாடங்களுக்கு மூன்றே இடம் கொடுத்திருக்கிறேன் என்று சிலர் குறைப்படலாம். தெரிந்தே செய்தது. கடன் பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை வேலையில் சேர்ந்த ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம். முப்பது வயதில், குடும்பத்தோடு, வேலை முடிந்து வந்து மெய்ப் பகுப்பாய்வைத் தனியாகக் கற்பது மிகச் சிலருக்கே முடியும்.

சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதனை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் படித்தார். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிகழ்தகவில் முனைவர் பட்டம் பெற்று 1963-ல் நியூயார்க்கின் கூரண்ட் கழகத்துக்குப் போனார். 2007-ல் ஏபெல் பரிசு. அவருடைய ஆய்வு நிதித் துறையை மனதில் வைத்து எழுந்ததல்ல. ஆனாலும் டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து பரவல் செயல்முறைகளில் அவர் அமைத்த கோட்பாடு, இன்று விலை ஆட்டத்தை ஆராய்கிறவர்களின் அடிப்படைக் கல்வியில் இருக்கிறது. அவருடைய மகன் அசோக் வரதன் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் உயர்மட்டத்தில் இருப்பவர். 1982-ல் ரெனைசான்ஸ் டெக்னாலஜீஸைத் தொடங்கிய ஜிம் சைமன்ஸும் வால் ஸ்திரீட் அனுபவக்காரர்களைத் தேடாமல் கணித, இயற்பியல் ஆய்வாளர்களைத்தான் வேலைக்கு எடுத்தார்.

மதிப்பெண் பயம்

இனி, வீட்டில் யாரும் பேசாத விஷயத்துக்கு வருவோம். பிள்ளைகள் கடினப் பாடங்களைத் தவிர்ப்பது பெரும்பாலும் சிஜிபிஏவுக்குப் பயந்துதான். உபகாரச் சம்பளம் அதில் தொங்குகிறது. பிடிபிடிஎன் கடன் வாங்கியவர்கள் முதல் வகுப்பில் தேறினால் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. பல்லாயிரம் ரிங்கிட் கடன் ஒரு தரப்புள்ளியில் நிற்கும்போது, இருபது வயதுப் பிள்ளை மெய்ப் பகுப்பாய்வை விட்டு எளிதான பாடத்துக்குப் போனால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் விளைவைச் சொல்லியாக வேண்டும். குவான்ட் வேலை நேர்காணலில் இப்படிக் கேட்பார்கள்: ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால், அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை தடவை சுண்ட வேண்டும்? விடை 6. நான்கு என்று அவசரப்பட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. சான்றிதழில் 3.9 இருந்தும் இந்த இடத்தில் திணறினால் அங்கேயே முடிந்தது. மேற்படிப்புக்கும் அப்படித்தான். நல்ல நிதிப் பொறியியல் முதுகலைகள் விண்ணப்பதாரரின் நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்க்கின்றன. நடைமுறை வழி ஒன்று உண்டு: ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு கடினப் பாடம். இரண்டை ஒன்றாக எடுக்காமல், ஒன்றையும் விட்டுவிடாமல், மூன்றாண்டில் ஆறு பாடங்களை முடித்துவிடலாம்.

தப்பினால் நாடே தாங்கும்

வேலையின் கனத்தையும் பிள்ளைகள் அறிந்து போக வேண்டும். பேங்க் நெகாரா 1990-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணிச் சந்தையில் இறங்கிச் சூடுபட்டது. 1992 முதல் 1994 வரை ஏற்பட்ட நட்டம் 31.5 பில்லியன் ரிங்கிட் என்று 2017-ல் அரச விசாரணை ஆணையம் கணக்குச் சொன்னது.

1997 நெருக்கடி இன்னும் நேரடியாக வீடுகளில் விழுந்தது. டாலருக்கு ஏறக்குறைய 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. அமெரிக்காவில் பிள்ளை படிக்க ஆண்டுக்கு 10,000 டாலர் கட்டிய குடும்பத்துக்கு 25,000 ரிங்கிட் செலவு ஏறக்குறைய 49,000 ஆனது. படிப்பை நடுவில் விட்டுத் திரும்பியவர்கள் உண்டு. 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று விலை கட்டப்பட்டது. 2005 ஜூலையில்தான் கட்டு அவிழ்ந்தது. அதே 1998-ல், நோபல் வாங்கிய மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்கேற்றிருந்த எல்டிசிஎம் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியமும் சரிந்தது. சூத்திரம் சரியாக இருந்தும் அதன் அனுமானங்கள் சந்தைக்குப் பொருந்தாமல் போகலாம். இதை அறிந்தவர்களுக்குத்தான் இடர் மேலாண்மைத் துறையில் இன்று தேவை. மலேசியாவைப் பொறுத்தவரை, ஆப்ஷன் விலை கணிக்கும் வேலையைவிட வங்கிகளிலும் காப்புறுதி நிறுவனங்களிலும் இடரை அளக்கும் வேலைதான் அதிகம்.

தீவை விட்டுப் போவது

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கே வேலை? பெரும்பாலும் பினாங்கில் இல்லை. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேங்க் நெகாரா, புர்சா, ஊழியர் சேமநிதி வாரியம், பெரிய வங்கிகளின் தலைமையகங்கள், காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில். அதற்கு மேல் சிங்கப்பூர். 1973 மே மாதம் வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். கணக்குப் படித்த பிள்ளை அந்தப் பக்கம் பார்ப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் வீடுகள் இந்தப் பேச்சைப் பட்டமளிப்பு நாள் வரை தள்ளிவைக்க வேண்டாம். நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு அது பெரிய அநீதி.

தீவிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கும் இந்தப் படிப்பு வீணாகாது. 1972-ல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லுகள் செய்யும் ஆலைகளுக்குப் புள்ளியியல் தெரிந்தவர்கள் வேண்டும். நூறு சில்லில் எத்தனை தேறுகிறது, பழுது எந்த இயந்திரத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதும் நிகழ்தகவுக் கணக்குதான். ‘நிதி நிர்வாகம்’ மட்டும் படித்தவர் அந்த வேலைக்குப் போவது கடினம். புள்ளியியலும் நிரலாக்கமும் படித்தவர் இரண்டு பக்கமும் போகலாம். கணித அடிப்படையை முன்னே வைக்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே வலுவான காரணம்.

மருத்துவம்தான் உறுதி என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் அரசுப் பணியில் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று அந்த இளம் மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்ததை எல்லோரும் பார்த்தோம். விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவம் உயர்ந்த தொழில். கணக்கில் மனம் லயித்த பிள்ளையை உறுதி கருதி அங்கே திருப்பினால், அந்த உறுதியும் இப்போது ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது.

முதுகலையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டம் முடித்த கையோடு கடன் வாங்கி வெளிநாட்டு நிதிப் பொறியியல் முதுகலைக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு மூன்று ஆண்டு வங்கியின் இடர்ப் பிரிவிலோ காப்புறுதி நிறுவனத்திலோ வேலை பார்த்தால், விலை கணிப்பதா, மாதிரிகளைச் சோதிப்பதா, தரவுப் பகுப்பாய்வா, எதில் மனம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். அக்சுவரித் தேர்வுகளுக்குக் கட்டணமும் படிப்பு விடுமுறையும் தரும் நிறுவனங்கள் உண்டு. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எஸ்பிஎம்மில் மிகச் சிறப்பாகத் தேறிய பிள்ளைகள் பேங்க் நெகாராவின் கிஜாங் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கலாம். எஸ்டிபிஎம் வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடக்கூடும். ஆகவே ஐந்தாம் படிவத்தில் பிள்ளை வைத்திருக்கும் வீடுகள் இந்த ஆண்டே அதன் அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்கலாம்.